விலாசம் தெரிந்த விஷம்!

சிக்காகோ நகரம். 2022-ம் ஆண்டு ஜுன் மாதம் 5-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை.

ஒரு பெரிய மண்டபம். உள்ளே ஆயிரக் கணக்கான டாக்டர்கள் உட்கார்ந்து இருந்தார்கள். பல நாடுகளில் இருந்து வந்தவர்கள். எல்லோரும் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்க்கிறவர்கள்.

மேடையில் ஒரு பெண் டாக்டர் பேசிக் கொண்டு இருந்தார். அவர் பெயர் ஷானு மோடி. நியூயார்க்கில் உள்ள புகழ் பெற்ற புற்றுநோய் ஆஸ்பத்திரி ஒன்றில் பணி புரிகிறவர்.

அவர் திரையில் ஒரு படம் காட்டினார். படத்தில் இரண்டு கோடுகள். ஒரு கோடு வேகமாகக் கீழே இறங்கியது. இன்னொரு கோடு மெதுவாக இறங்கியது. அவ்வளவுதான்!

மண்டபத்தில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். கை தட்டினார்கள்.

பாட்டுக் கேட்டுக் கை தட்டுவது உண்டு. நாடகம் பார்த்துக் கை தட்டுவது உண்டு. இரண்டு கோடுகளைப் பார்த்து டாக்டர்கள் எழுந்து நின்று கை தட்டுவது அபூர்வம். அந்தக் கோடுகளில் அப்படி என்ன இருந்தது?

ஆறரை மாதம்

அவை உயிர்க் கோடுகள்.

மார்பகப் புற்றுநோய் முற்றி, உடம்பில் வேறு இடங்களுக்கும் பரவிய 557 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குப் பழைய கீமோ மருந்து. இன்னொரு பிரிவுக்குப் புதிய மருந்து.

பழைய மருந்து சாப்பிட்டவர்களிலும் ஊசி போட்டுக் கொண்டவர்களிலும், சுமார் 16.8 மாதம் ஆன போது பாதிப் பேர்தான் உயிரோடு இருந்தார்கள். புதிய மருந்து பெற்றவர்களில் பாதிப் பேர் என்ற நிலை வருவதற்கு 23.4 மாதம் ஆயிற்று.

வித்தியாசம், ஆறரை மாதம்.

"இவ்வளவுதானா?" என்று தோன்றலாம். ஆடி பிறந்ததில் இருந்து கணக்குப் போட்டால், தைப் பொங்கல் கழிந்து இன்னும் சில நாள். ஒரு தாய்க்கு அந்த நாட்கள் எவ்வளவு பெரியவை என்பது, நோயாளி உள்ள வீட்டில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். அதுவும், முற்றிப் போன நோயில் ஒன்றிரண்டு மாதம் கூடினாலே பெரிய செய்தி என்று பழகிப் போனவர்கள் அந்த டாக்டர்கள்.

அந்த மருந்தின் பெயர் வாயில் எளிதில் நுழையாது. டிராஸ்டுஜுமாப் டெருக்ஸ்டீகான். கடையில் விற்கிற பெயர், என்ஹெர்டு. ஜப்பான் நாட்டின் டாய்ச்சி சாங்க்யோ கம்பெனி கண்டு பிடித்தது. ஆஸ்ட்ராஜெனிகா கம்பெனியும் சேர்ந்து விற்கிறது.

இதில் உள்ள விஷம் புதியது அல்ல. அதன் மூதாதை மருந்து 50 ஆண்டுகளுக்கு முன்பே "வேண்டாம்" என்று ஒதுக்கித் தள்ளப்பட்டது. புதியது எது என்றால், அந்த விஷத்துக்கு இப்போது விலாசம் தெரியும்!

வயல் முழுவதும் மருந்து

கீமோ என்றால் என்ன? ஒளிக்காமல் சொன்னால், விஷம்தான்.

நம் உடம்பு கோடிக் கணக்கான செல்களால் ஆனது. செல் என்பது கண்ணுக்குத் தெரியாத உயிர் அணு. ஒரு செல் இரண்டாகும். இரண்டு, நான்காகும். போதும் என்றால் நின்று விடும். நிற்காமல் பெருகிக் கொண்டே போனால், அதுதான் புற்றுநோய்.

வேகமாகப் பெருகும் செல்லைக் கொல்வது கீமோவின் வேலை. ஆனால், உடம்பில் நல்ல செல்களிலும் வேகமாகப் பெருகுகிறவை உண்டு. முடியின் வேரில் உள்ள செல். குடலின் உள் தோலில் உள்ள செல். எலும்பு மஜ்ஜையில் ரத்தம் ஊறச் செய்யும் செல். விஷத்துக்கு நல்லது கெட்டது தெரியாது. எல்லாவற்றையும் தாக்கும்.

முடி கொட்டுவது அதனால்தான். வாந்தி, வயிற்றுப் போக்கு, வாய்ப் புண், ரத்தம் குறைவது எல்லாம் அதனால்தான்.

நெல் வயலில் களை முளைத்து இருக்கிறது. கையால் பறிக்க முடியவில்லை. வயல் முழுவதும் மருந்து அடிக்கிறார்கள். களை சாகிறது. நெல்லும் வாடுகிறது. நெல் முழுவதும் சாவதற்கு முன்னால் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் களை மறுபடியும் தலை எடுக்கும். கீமோ கொடுக்கும் டாக்டர்களின் சங்கடம் இதுதான்.

வெடித்த கப்பல்

கீமோ பிறந்த கதையே விஷத்தின் கதை.

1943-ம் ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி இரவு. இரண்டாவது உலகப் போர் நடந்து கொண்டு இருந்தது. இத்தாலியில் பாரி என்ற துறைமுகத்தின் மீது ஜெர்மன் விமானங்கள் குண்டு வீசின. பல கப்பல்கள் மூழ்கின.

அதில் ஒன்று "ஜான் ஹார்வி" என்ற அமெரிக்கக் கப்பல். அதற்குள் 2 ஆயிரம் விஷக் குண்டுகள் ரகசியமாக வைக்கப்பட்டு இருந்தன. கடுகு வாயு என்ற கொடிய விஷம். கப்பல் வெடித்தது. விஷம் எண்ணெயோடு கலந்து கடலில் பரவியது. தண்ணீரில் விழுந்து நீந்தியவர்களின் உடம்பு முழுவதும் பட்டது.

600-க்கு மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். 80-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். என்ன விஷம் என்று கூட வைத்தியம் பார்த்தவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. போர் ரகசியம்!

துப்புத் துலக்க வந்தவர் ஸ்டூவர்ட் அலெக்சாண்டர் என்ற அமெரிக்க ராணுவ டாக்டர். இறந்தவர்களின் ரத்தத்தை அவர் சோதித்தார். வெள்ளை அணுக்கள் போன இடம் தெரியவில்லை. இந்த விஷம் வெள்ளை அணுவை அழிக்கிறது! வெள்ளை அணு கட்டுக்கு அடங்காமல் பெருகுவதும் ஒரு புற்றுநோய்தானே? அதற்கு இதையே மருந்தாகக் கொடுத்தால் என்ன?

அமெரிக்காவில் யேல் பல்கலைக் கழகத்தில், குட்மன், கில்மன் என்ற இருவர் ஏற்கெனவே இதே வழியில் போய்க் கொண்டு இருந்தார்கள். கடுகு வாயுவின் தங்கை போன்ற ஒரு பொருளை, 1942-ம் ஆண்டிலேயே ஒரு நோயாளிக்கு ஊசி மூலம் செலுத்திப் பார்த்தார்கள். கட்டி கரைந்தது. ஆனால் நோய் திரும்பி வந்தது. போர் முடியும் வரை இதுவும் ரகசியமாக இருந்தது. 1946-ல்தான் வெளியிட்டார்கள்.

ஆளைக் கொல்ல வைத்து இருந்த விஷம், ஆளைப் பிழைக்க வைக்கும் மருந்தாயிற்று. ஆனால், விஷம் விஷம்தான்.

சாயத்தில் பிறந்த யோசனை

இந்தச் சங்கடத்துக்கு வழி என்ன என்று, நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் யோசித்தார். ஜெர்மனியைச் சேர்ந்த பால் எர்லிக்.

அவருக்குச் சாயத்தின் மீது பெரிய மோகம். உடம்பின் சதைத் துண்டுகளில் பல நிறச் சாயங்களை ஊற்றிப் பார்ப்பார். ஒரு விசித்திரம் அவர் கண்ணில் பட்டது. ஒரு சாயம் நரம்பில் மட்டும் பிடிக்கிறது. பக்கத்தில் உள்ள மற்ற சதையில் பிடிப்பது இல்லை. இன்னொரு சாயம் கிருமியில் மட்டும் ஒட்டுகிறது.

அப்படியானால், ஒவ்வொரு செல்லின் மேலும் தனித் தனி வாசல்கள் இருக்க வேண்டும். ஒரு வாசலுக்குப் பொருந்திய பொருள்தான் அங்கே ஒட்டும். கிருமியின் வாசலுக்கு மட்டும் பொருந்தும் விஷம் கிடைத்தால், கிருமி சாகும்; மனிதன் பிழைப்பான்! அதற்கு அவர் "மந்திரக் குண்டு" என்று பெயர் வைத்தார்.

1908-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மேக நோய்க்கு சால்வர்சான் என்ற மருந்து 1910-ல் அவர் முயற்சியால் வந்தது. 1915-ல் காலமானார். புற்றுநோய்க்கு மந்திரக் குண்டு அவர் காலத்தில் கிடைக்கவில்லை.

அந்த வாசல்களுக்கு இன்றைய விஞ்ஞானிகள் "ஏற்பி" என்று பெயர் சொல்கிறார்கள். செல்லின் மேல் தோலில் இருந்து வெளியே நீட்டிக் கொண்டு இருக்கும். வெளியில் இருந்து வரும் சேதியை வாங்கி உள்ளே அனுப்பும்.

சாகாத செல்

வாசல் இருக்கிறது. வாசலைத் தேடிப் போகும் தபால்காரன் யார்?

நம் ரத்தத்திலேயே ஒருவன் இருக்கிறான். அவன் பெயர் ஆன்டிபாடி. கிருமி உள்ளே வந்தால், அந்தக் கிருமிக்கென்றே உடம்பு ஆன்டிபாடியைத் தயாரிக்கிறது. அம்மைக்கு ஒன்று, காமாலைக்கு வேறு ஒன்று. ஒன்று இன்னொன்றின் மேல் ஒட்டாது.

விரும்பிய வாசலுக்கு, விரும்பிய அளவு ஆன்டிபாடி செய்ய முடியுமா? 1975-ம் ஆண்டு இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரில் கோலர், மில்ஸ்டீன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் செய்து காட்டினார்கள்.

எலியின் மண்ணீரலில் ஆன்டிபாடி செய்யும் செல் ஒன்றை எடுத்தார்கள். அது சில நாளில் செத்துப் போகும். புற்றுநோய் செல்லோ சாகாமல் பெருகிக் கொண்டே இருக்கும். இரண்டையும் ஒன்றாக இணைத்து விட்டார்கள்! பிறந்த கலப்பு செல், சாகாமல் வாழ்ந்தது. ஒரே வகை ஆன்டிபாடியை ஓயாமல் சுரந்தது. புற்றுநோயின் சாகாவரத்தைக் கடன் வாங்கித்தான், புற்றுநோய்க்கு எதிரான ஆயுதத்தை உலகம் கற்றுக் கொண்டது.

இருவருக்கும் 1984-ல் நோபல் பரிசு கிடைத்தது.

20 லட்சம் வாசல்கள்

தபால்காரன் கிடைத்தான். இனி விலாசம் வேண்டும். புற்றுநோய் செல்லில் இருக்க வேண்டும். நல்ல செல்லில் இருக்கக் கூடாது, அல்லது குறைவாக இருக்க வேண்டும். அப்படி ஒரு வாசல் உண்டா?

உண்டு. அதன் பெயர் ஹெர்-2.

"வளர், பெருகு" என்று செல்லுக்குக் கட்டளை இடும் வாசல் இது. சாதாரண மார்பக செல்லிலும் சில பத்தாயிரம் இருக்கும். சிலருடைய புற்றுநோய் செல்லில், இது 20 லட்சம் வரை முளைத்து விடுகிறது! வீட்டின் நான்கு பக்கமும் வாசலாகவே வைத்துக் கட்டியது போல.

இப்படிப்பட்ட புற்றுநோய் மிகவும் வேகமாகப் பரவும் என்று 1987-ல் அமெரிக்க டாக்டர் டென்னிஸ் ஸ்லேமன் குழுவினர் கண்டு சொன்னார்கள். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களில், 100-க்கு 15 முதல் 20 பேர் வரை இந்த வகை.

ஹெர்-2 வாசலில் போய் ஒட்டும் ஆன்டிபாடி 1998-ல் மருந்தாக வந்தது. அதுதான் டிராஸ்டுஜுமாப். அது வாசலை அடைத்து, "வளர்" என்ற கட்டளையைத் தடுத்தது. பலர் பிழைத்தார்கள்.

அடுத்த யோசனை எளிதில் பிறந்தது. தபால்காரன் எப்படியும் அந்த வாசலுக்குத்தான் போகிறான். வெறும் கையோடு ஏன் போக வேண்டும்? பையில் விஷத்தைக் கட்டி அனுப்பினால் என்ன?

சீன மரமும் இந்திய விஞ்ஞானியும்

என்ஹெர்டு மருந்தில், ஒரு ஆன்டிபாடிக்கு எட்டு விஷப் பொட்டலங்கள் கட்டி இருக்கிறார்கள். அந்த விஷத்தின் மூதாதை ஒரு மரம்!

சீன நாட்டில் வளரும் ஒரு மரத்தின் பட்டையில் இருந்து, கேம்ப்டோதெசின் என்ற பொருளை 1966-ல் பிரித்து எடுத்தார்கள். எடுத்தவர்கள் இருவர். மன்ரோ வால் என்ற அமெரிக்கர் ஒருவர். இன்னொருவர் மன்சுக் வானி. மராட்டிய மாநிலம் நந்துர்பாரில் பிறந்து அமெரிக்கா போனவர்.

இதே பொருள் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள ஒரு மரத்திலும் இருக்கிறது என்று 1972-ல் கண்டு சொன்னவர்களில் ஒருவர், டி.ஆர்.கோவிந்தாச்சாரி. சென்னை மாநிலக் கல்லூரியில் ரசாயனப் பேராசிரியராக இருந்து, பிறகு பம்பாய்க்குப் போனவர்.

கேம்ப்டோதெசின் புற்றுநோயைக் கொன்றது. நோயாளியையும் பாடாய்ப் படுத்தியது. மூத்திரத்தில் ரத்தம் போயிற்று. வயிற்றுப் போக்கு நிற்கவில்லை. 1970-களின் தொடக்கத்திலேயே சோதனையைக் கை விட்டார்கள். பின்னால், அதைச் சற்றே மாற்றி 1990-களில் இரண்டு மருந்துகள் வந்தன. அந்தக் குடும்பத்தின் இன்னொரு பிள்ளைதான் என்ஹெர்டில் உள்ள விஷம். வயல் முழுவதும் அடித்தால் ஆகாது என்று கண்ட விஷம், பொட்டலம் கட்டி விலாசம் எழுதியதும் பயன்பட்டு விட்டது!

தானே விழுங்கும் எமன்

இனி, நடப்பதைப் பாருங்கள்.

மருந்து ரத்தத்தில் ஓடுகிறது. விஷம் கெட்டியாகக் கட்டப்பட்டு இருப்பதால் வழியில் பெரும்பாலும் கசிவது இல்லை. புற்றுநோய் செல்லின் ஹெர்-2 வாசலைக் கண்டதும் ஆன்டிபாடி ஒட்டிக் கொள்கிறது.

செல்லுக்கு ஒரு பழக்கம் உண்டு. தன் வாசல்களை அவ்வப்போது உள்ளே இழுத்து விழுங்கி, புதிய வாசல் வைத்துக் கொள்ளும். வாசலை விழுங்கும் போது, அதில் ஒட்டி இருக்கும் ஆன்டிபாடியையும் சேர்த்து விழுங்கி விடுகிறது. எட்டு விஷப் பொட்டலங்களும் உள்ளே போகின்றன.

செல்லுக்கும் வயிறு மாதிரி ஒரு பை உண்டு. விழுங்கியதை அங்கே ஜீரணம் செய்யும். அந்த ஜீரண நீர், பொட்டலத்தைக் கட்டி இருக்கும் கயிற்றை அறுக்கிறது. அறுபட வேண்டும் என்றே அந்தக் கயிற்றைத் திரித்து இருக்கிறார்கள்! விஷம் வெளியே வருகிறது.

செல் இரண்டாகப் பெருக வேண்டும் என்றால், அதன் உள்ளே முறுக்கிக் கிடக்கும் மரபு இழையைப் பிரிக்க வேண்டும். முறுக்கு ஏறிய கயிற்றைப் பிரித்தால் சிக்கு விழும் அல்லவா? அதற்காக, செல்லுக்குள் ஒரு வேலையாள் இழையை ஓர் இடத்தில் வெட்டி, முறுக்கை விட்டு, மறுபடியும் ஒட்டுகிறான். விஷம் போய் அந்த வேலையாளைப் பிடித்துக் கொள்கிறது. வெட்டிய இழையை ஒட்ட முடியவில்லை. செல் செத்துப் போகிறது.

இன்னொன்றும் நடக்கிறது. செத்த செல்லில் இருந்து வெளியே வரும் விஷம், பக்கத்து செல்லின் தோலைத் தாண்டி உள்ளே போகும் தன்மை உடையது. பக்கத்து செல்லில் ஹெர்-2 வாசல் இல்லாவிட்டாலும் அதுவும் சாகிறது. கட்டி முழுவதும் ஒரே மாதிரி செல்லாக இருப்பது இல்லை. ஆகையால் இது பெரிய லாபம்.

"இல்லை" என்றவர்களுக்கும்

சிக்காகோவில் டாக்டர்கள் கை தட்டியதற்கு உண்மைக் காரணம் இங்கேதான் இருக்கிறது.

அந்த 557 பேரும் ஹெர்-2 மிகுதியாக உள்ளவர்கள் அல்ல. கொஞ்சமாக உள்ளவர்கள். அதுவரை டாக்டர்கள் இவர்களுக்கு, "ஹெர்-2 இல்லை" என்றே எழுதிக் கொடுத்தார்கள். டிராஸ்டுஜுமாப் போட்டாலும் இவர்களுக்குப் பயன் இல்லை. வாசலை அடைப்பது மட்டும் வேலையாக இருந்தால், வாசல் நிறைய வேண்டும். விஷத்தை உள்ளே அனுப்ப, சில வாசல் இருந்தாலே போதும்!

மார்பகப் புற்றுநோய் வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இந்த "கொஞ்சம்" வகையில் வருகிறார்கள். அதே 2022-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்க அரசு இவர்களுக்கும் மருந்தை அனுமதித்தது. 2025 ஜனவரியில் இன்னும் குறைவாக, "மிக மிகக் கொஞ்சம்" உள்ள சிலருக்கும் அனுமதி கிடைத்தது.

முற்றியவர்களுக்கு மட்டும் அல்ல, தொடக்க நிலையில் உள்ளவர்களுக்கும் இப்போது கொடுத்துப் பார்க்கிறார்கள். ஹெர்-2 மிகுதியாக இருந்து, ஆபரேஷனுக்குப் பிறகும் நோயின் மிச்சம் தெரிந்தவர்களிடம் நடந்த சோதனையின் முடிவு, 2025 அக்டோபரில் பெர்லினில் வெளியாயிற்று. மூன்று ஆண்டு கழித்து, புதிய மருந்து பெற்றவர்களில் 100-க்கு சுமார் 92 பேர் நோய் திரும்பாமல் இருந்தார்கள். 2013-ல் வந்த முந்தைய விஷப் பொட்டல மருந்தைப் பெற்றவர்களில் 100-க்கு சுமார் 84 பேர்.

தவறிப் போகும் தபால்

இத்தனையும் கேட்டு, "இனிக் கவலை இல்லை" என்று நினைத்து விடக் கூடாது. தபால் தவறியும் போகிறது.

ஊசியில் ஏற்றும் மருந்தில், 100-ல் ஒரு பங்கு கூட கட்டிக்குள் போய்ச் சேருவது இல்லை! மீதி, ரத்தத்தில் சுற்றி, மெல்ல மெல்ல உடைந்து போகிறது. உடைந்தால் விஷம் வெளியே வரும். ஆகையால் பழைய தொல்லைகள் முழுவதும் ஒழியவில்லை. சிக்காகோ சோதனையில் புதிய மருந்து பெற்றவர்களில், 100-க்கு 73 பேருக்குக் குமட்டல் இருந்தது. சுமார் 38 பேருக்கு முடி கொட்டியது.

அதை விடப் பெரிய அபாயம் நுரையீரலில். 100-க்கு 12 பேருக்கு நுரையீரல் அழற்சி வந்தது. மூன்று பேர் அதனாலேயே இறந்தார்கள். நுரையீரலில் உள்ள சில காவல் செல்கள், மருந்தைத் தவறாக விழுங்கி விடுவதுதான் காரணமாக இருக்கலாம் என்று நிபுணர்கள் கருதுகிறார்கள். இந்த ஊசி போட்டுக் கொள்கிறவருக்கு வறட்டு இருமலோ மூச்சுத் திணறலோ வந்தால், "சளிதான், தானே போய் விடும்" என்று வீட்டில் இருக்கக் கூடாது. அன்றே டாக்டரிடம் சொல்ல வேண்டும். சீக்கிரம் தெரிந்தால், மருந்தை நிறுத்தி நுரையீரலைக் காப்பாற்றலாம்.

இந்த வகையில் முதன் முதலில் வந்த மருந்து மைலோடார்க். ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்கு 2000-ல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். எதிர்பார்த்த பயன் இல்லை, சாவும் கூடியது. 2010-ல் அதை விற்பனையில் இருந்து எடுத்து விட்டார்கள். அளவைக் குறைத்துப் பிரித்துப் பிரித்துக் கொடுத்தால் பயன் உண்டு என்று தெரிந்து, 2017-ல் மறுபடியும் அனுமதித்தார்கள். இன்று இந்த வகை மருந்துகள் பத்துக்கும் மேல் வந்து விட்டன. மூத்திரப் பை, கருப்பைக் கழுத்து, சினைப்பை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசல், ஒரு விலாசம்.

எல்லை தாண்டினால் உண்டு

விலைதான் பெரிய தடை.

இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஒரே பிரிட்டனைச் சேர்ந்தவை. ஹெர்-2 கொஞ்சம் உள்ளவர்களுக்கு இந்த மருந்தை அரசாங்கச் செலவில் கொடுக்க, 2023 டிசம்பரில் ஸ்காட்லாந்து சம்மதித்தது. இங்கிலாந்தில், 2024 ஜுலையில் "விலைக்கு ஏற்ற பலன் இல்லை" என்று மருந்துக் குழு மறுத்து விட்டது. மருந்து அதேதான். நோய் அதேதான். ஒரு எல்லைக் கோட்டுக்கு வடக்கே உண்டு; தெற்கே இல்லை! பெண்கள் கொதித்து எழுந்தார்கள். மனுப் போட்டார்கள். பணக்கார நாட்டிலேயே இந்தக் கதி.

இந்தியாவில், 2024 ஜுலை 23-ந் தேதி பட்ஜெட் கொண்டு வந்த நிதி மந்திரி நிர்மலா சீதாராமன், மூன்று புற்றுநோய் மருந்துகளுக்கு சுங்க வரியை அடியோடு நீக்கினார். மூன்றில் இதுவும் ஒன்று. அதற்கு முன் 10 சதவிகிதம் இருந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் ஜி.எஸ்.டி. வரியையும் 12-ல் இருந்து 5 சதவிகிதமாகக் குறைத்தார்கள்.

நல்ல காரியம்தான். ஆனால், மூன்று வாரத்துக்கு ஒரு முறை, மாதக் கணக்கில், சில சமயம் ஆண்டுக் கணக்கில் போட வேண்டிய ஊசி இது. லட்சக் கணக்கில் விலை உள்ள மருந்துக்கு வரியைக் குறைத்தால் விலை குறையும். நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு வந்து விடாது.

வரியை விட, போட்டிதான் விலையை உடைக்கும். டிராஸ்டுஜுமாப் விஷயத்தில் அது நடந்து இருக்கிறது. அதே மாதிரியான மருந்தை இந்தியாவிலேயே பயோகான் கம்பெனி தயாரித்தது. 2013-ல் அனுமதி கிடைத்தது. பிறகு மற்ற கம்பெனிகளும் வந்தன. விலை இறங்கியது. 2013-ல் அமெரிக்காவில் வந்த அந்த முந்தைய விஷப் பொட்டல மருந்துக்கும், 2021-ல் சைடஸ் கம்பெனி மலிவான இந்திய மருந்தைக் கொண்டு வந்தது. என்ஹெர்டுக்கும் அப்படி ஒரு நாள் வரும். காப்புரிமைக் காலம் முடியும் வரை காத்து இருக்க முடியாதவர்கள்தான் இதற்குத் தேவைப்படுகிறவர்கள்.

மெழுகுக் கட்டி

காசு பணத்துக்கு முன்னால், விலாசம் சரியா என்று பார்க்க வேண்டும்.

கட்டியில் இருந்து சிறு துண்டு எடுத்துச் சோதிக்கும் போது, ஹெர்-2 எவ்வளவு என்று நான்கு படியாக மதிப்பெண் போடுவார்கள். 0, 1, 2, 3 என்று ரிப்போர்ட்டில் இருக்கும். மூன்று என்றால் மிகுதி. பூஜ்யம் என்றால் இல்லை, அல்லது மிக மிகக் கொஞ்சம். நடுவில் உள்ள ஒன்றும் இரண்டும்தான் சிக்கல். இரண்டு என்றால் இன்னொரு சோதனை செய்து, மிகுதியா இல்லையா என்று தீர்மானிப்பார்கள். மிகுதி இல்லை என்று வந்தால், அதுவும் "கொஞ்சம்" வகையில் சேரும்.

முன்பு, பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் வித்தியாசம் பார்க்க அவசியம் இருக்கவில்லை. இரண்டுக்கும் "இல்லை" என்றே அர்த்தம். நுண்ணாடியில் பார்க்கிறவர் பூஜ்யம் என்று எழுதினாலும் ஒன்று என்று எழுதினாலும் நோயாளிக்கு ஒன்றும் மாறாது. இன்று, அந்த ஓர் எண்ணில் ஒரு மருந்தே கிடைக்கிறது. அல்லது கை நழுவுகிறது. ஒரே துண்டைப் பார்த்து ஒருவர் பூஜ்யம் என்பதும், இன்னொருவர் ஒன்று என்பதும் உண்டு.

சோதனைக்கு எடுத்த துண்டை யாரும் எறிந்து விடுவது இல்லை. அதை மெழுகில் பதித்து, சிறு கட்டியாக ஆஸ்பத்திரியிலோ சோதனைச் சாலையிலோ ஆண்டுக் கணக்கில் பத்திரமாக வைத்து இருப்பார்கள். "பிளாக்" என்று அதற்குப் பெயர். சில ஆண்டுகளுக்கு முன் "ஹெர்-2 இல்லை" என்று எழுதி வாங்கி வந்து, இப்போது நோய் திரும்பி இருப்பவர்கள், பழைய ரிப்போர்ட்டை எடுத்துக் கொண்டு போய் டாக்டரிடம் ஒன்று கேட்கலாம். "இது பூஜ்யமா, ஒன்றா? அந்த பிளாக்கை மறுபடியும் ஒரு முறை பார்க்க முடியுமா?"